கைக்கு ஏற்ற மட்டை



போன வாரம் என் பேத்தி போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வற்றிப்போன ஏரிக்குள் நின்றுகொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரு கம்பியோடு டீச்சர் என்ன செய்கிறார் என்று. 1993-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை, “டீச்சர், பிரம்பு நுனி வளைஞ்சு போச்சா?” என்று எழுதியிருக்கிறான். அவனுக்குப் பதில் கீழே வருகிறது, பொறுமையாகப் படிக்கட்டும். சின்னசேலம் மாமா மட்டும் போன் பண்ணியே கேட்டுவிட்டார்: “இந்த வயசுல பணக்காரன் விளையாட்டு உனக்கு எதுக்கும்மா?”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாது. எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள்.

அது கோல்ஃப் மட்டை. அதிலும் ‘அயர்ன்’ என்று சொல்லப்படும் இரும்புத் தலை மட்டை. அதற்குள்ளும் ‘கேம் இம்ப்ரூவ்மென்ட் அயர்ன்’ என்று ஒரு தனி ஜாதி. கத்துக்குட்டிகளுக்கென்றே செய்யப்பட்டது. நான் அந்தக் கத்துக்குட்டிகளில் ஒருத்தி.

2021-இல் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தது உறவினர்களுக்குத் தெரியும். வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பிடி மட்டும் திரும்பவில்லை. தோசைக் கரண்டியைத் திருப்ப முடியாது. குடத்தைத் தூக்க முடியாது. 37 வருஷம் கரும்பலகையில் எழுதிய கைக்குச் சாக்பீஸ் நழுவியது. ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள், பிசைந்தேன். ஒரு மாதத்தில் அலுத்துவிட்டது. பந்தைப் பிசைவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது, சொல்லுங்கள்.

2023-இல் சின்னவன் வீட்டுக்கு ஐந்து மாதம் போயிருந்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது என் பொறுப்பு. வாரம் இரண்டு நாள் அவனுக்குக் கோல்ஃப் பயிற்சி. காவலுக்கு நானும் போய் மர நிழலில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என் வயதுப் பெண்கள், என்னைவிட மூத்தவர்கள்கூட, ஒரு வாளிப் பந்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்றாவது வாரம் பேரன், “பாட்டி, நீயும் ஒண்ணு அடி” என்று அப்பாவின் மட்டையை நீட்டினான்.

அடித்தேன். பந்து பத்தடி உருண்டது. ஆனால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கரண்ட் அடித்த மாதிரி ஓர் அதிர்வு. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகனிடம் கேட்ட முதல் கேள்வி, எனக்கு ஏற்ற மட்டை உலகத்தில் இருக்கிறதா என்பதுதான். விளையாட்டு ஆசையெல்லாம் அப்போது இல்லை. இரண்டு கையாலும் ஒன்றை இறுகப் பிடித்து வீச முடிகிறதா என்று தெரியவேண்டும். முடிந்தால் குடத்தையும் தூக்கலாம் அல்லவா?

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 46 கிராம்கூட இல்லாத ஒரு சிறு பந்தை, தூரத்தில் இருக்கும் குழியில் எத்தனை குறைந்த அடியில் போடுகிறோம் என்பதுதான் ஆட்டம். பெரிய திடலில் 18 குழி. பையில் அதிகபட்சம் 14 மட்டை வைத்துக்கொள்ளலாம், 1938 முதல் அமெரிக்காவில் அப்படி விதி. தூரமாக அடிக்கப் பெருந்தலை மட்டை, குழியருகே தள்ளிவிடத் தட்டையான மட்டை, நடுவில் இருக்கும் எல்லா வேலைக்கும் அயர்ன். எண் கூடக்கூட முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். பந்து உயரமாக எழும்பி, கிட்டத்தில் விழும்.

மகன் என்னை ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்கு அழைத்துப் போனான். அங்கிருந்த தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நேரே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு செட்டைக் கொண்டுவந்து வைத்தான். பெண் என்றால் இளஞ்சிவப்பு. நான் அதை எடுக்கவில்லை என்றதும், கண்ணாடி அலமாரியிலிருந்து சவரக்கத்தி மாதிரி மெல்லிசான ஒன்றை எடுத்துக் காட்டினான். ‘பிளேட்’ என்று அதற்குப் பெயரே அதுதான். அழகென்றால் அப்படி ஓர் அழகு. கோயில் வெள்ளிக் கவசம் மாதிரி மின்னியது. தொலைக்காட்சியில் வரும் பெரிய ஆட்டக்காரர்கள் சிலர் அதைத்தான் வைத்திருக்கிறார்களாம். மகனுக்கு அதன்மேல் கண். “அம்மாவுக்கு நல்லதா வாங்கணும்” என்றான். நல்லது என்றால் யாருக்கு நல்லது? அதுதானே கேள்வி.

வீட்டுக்கு வந்து பேரனுக்கு ஒரு பாடம் நடத்தினேன். நீங்களும் செய்து பாருங்கள். ஒரே நீளத்தில் இரண்டு குச்சி. ஒரே எடையில் நான்கு களிமண் உருண்டை. ஒரு குச்சியில் இரண்டு உருண்டையையும் நடுவில் ஒட்டுங்கள். மற்றதில் ஆளுக்கொரு முனையில் ஒட்டுங்கள். இப்போது நடுவில் பிடித்து, திருகாணியைத் திருகுவது போல் இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். நடுவில் கனம் உள்ளது லேசாகத் திரும்பும். முனைகளில் கனம் உள்ளது திரும்ப மறுக்கும். இரண்டும் ஒரே எடைதான்.

பிளேட் என்பது முதல் குச்சி. இரும்பெல்லாம் நடுவில் திரண்டிருக்கும். பந்து சரியாக நடுவில் பட்டால் வெண்ணெய் மாதிரி போகும். அரை அங்குலம் தள்ளிப் பட்டால் தலை கையிலேயே திரும்பிவிடும். பந்து வேறு திசைக்குப் போகும், அதிர்வு முழுக்க மணிக்கட்டுக்கு வரும். கேம் இம்ப்ரூவ்மென்ட் மட்டை இரண்டாவது குச்சி. முதுகுப் பக்கம் குடைந்து, அங்கே மிச்சமான கனத்தைச் சுற்று ஓரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் தள்ளியிருப்பார்கள். ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. தூரம் குறையும், ஆனால் திசை பெரிதாகக் கெடாது. கனம் கீழே இருப்பதால் பந்து சுலபமாக மேலே எழும்பும். அடிப்பாகம் அகலமாக இருப்பதால், பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். முகத்தைத் தண்டுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அது நேராகத் திரும்ப ஒரு கண்ணிமைப் பொழுது கூடுதலாகக் கிடைக்கும்.

இப்படி ஓரத்துக்குக் கனத்தைத் தள்ளலாம் என்பதை ஒரு வியாபாரமாக்கிக் காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். 1911-இல் நார்வேயில் பிறந்து, சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர், இவரும் அந்தத் தொழில் செய்தவர். பிறகு பொறியாளராகி ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை. கோல்ஃப் ஆடத் தொடங்கியதே 42 வயதில். குழிக்குள் பந்தைத் தள்ளுவது அவருக்கு வரவில்லை. மற்றவர்களாக இருந்தால் கையைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர் மட்டையைப் பார்த்தார். 1959-இல் கனத்தை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து ஒரு மட்டை செய்தார். பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று சத்தம் வந்தது. கம்பெனிக்கும் அதையே பெயராக வைத்தார். அதே யோசனையை அயர்னுக்கும் கொண்டுபோனார். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. 42 வயதுக் கத்துக்குட்டி ஒருவர் தனக்கு வராததை வைத்துக்கொண்டே இத்தனை பேருக்கு வழி பண்ணியிருக்கிறார்.

கடைசியில் புதுக் கடையில் எதுவும் வாங்கவில்லை. பழைய மட்டை விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். பெண்கள் அளவில், கிராஃபைட் தண்டு போட்ட, ஐந்தாறு வருஷப் பழைய செட், இருநூறு டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதில் 6 முதல் 9 வரை எண்ணுள்ள அயர்னும் ஒரு பிட்சிங் வெட்ஜும் இருந்தன. 4, 5 இல்லையே என்று மகன் குறைப்பட்டான். நம் வேகத்துக்கு அந்த எண்களில் பந்து எழும்பவே எழும்பாது. அந்த வேலைக்குக் கட்டைத் தலை மாதிரி ‘ஹைப்ரிட்’ இருக்கிறது, அது போதும். இதைவிடப் பெரிய தலையோடு ‘சூப்பர்’ என்று பட்டம் போட்ட ரகமும் அங்கே இருந்தது. அம்மிக் குழவியைக் கம்பியில் கட்டின மாதிரி. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

எதைப் பார்த்து வாங்கினேன் என்று கேட்பவர்களுக்கு: தலையைவிடத் தண்டைத்தான் அதிகம் பார்த்தேன். இரும்புத் தண்டு 100 கிராம், அதற்கு மேலும் இருக்கும். கிராஃபைட் தண்டு அதில் பாதிக்குச் சற்று மேலே. அதிர்வையும் அது தன்னிலேயே கொஞ்சம் அடக்கிக்கொள்ளும். தண்டின் வளைவுக்கு எழுத்து போட்டிருப்பார்கள். மெதுவாக வீசுபவர்களுக்கு ‘எல்’. முதியவர்களுக்கு ‘ஏ’. மற்றவர்களுக்கு ‘ஆர்’. வேகக்காரர்களுக்கு ‘எஸ்’. பிடியின் ரப்பரை மட்டும் மாற்றி, ஒரு சுற்றுப் பருமனாகப் போடச் சொன்னேன். பருமனான பிடியை அவ்வளவு இறுக்க வேண்டியதில்லை. என் மணிக்கட்டுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரிய உபகாரம்.

நம் ஊர்க் கொல்லுப் பட்டறையில் மண்வெட்டி அடிக்கக் கொடுத்தால் கொல்லர் முதலில் என்ன கேட்பார்? “யார் வெட்டப் போறது?” குள்ளமான ஆளுக்கு ஒரு கோணம், நெட்டையான ஆளுக்கு ஒரு கோணம் வைத்துக் காம்பு மாட்டுவார். கோல்ஃப் மட்டையிலும் அதே கதைதான். தலைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள கோணம் ஆளுக்குப் பொருந்தவில்லை என்றால் தலையின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், பந்து இடதுபக்கம் ஓடும். நான் ஐந்தடி ஓர் அங்குலம். பந்தில் போர்டு மார்க்கரால் நேர்க்கோடு போட்டு, அந்தக் கோடு மட்டையின் முகத்தை நோக்கி நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்து அடித்தால், கோடு முகத்தில் அச்சாக விழும். நேராக விழுந்தால் கோணம் சரி, சாய்ந்தால் மாற்ற வேண்டும். எனக்குக் கொஞ்சம் சாய்ந்தது. கடைக்காரர் கருவியில் மாட்டி வளைத்துக் கொடுத்தார். பத்து நிமிஷ வேலை.

எண்ணில் ஒரு தந்திரம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். “புது மட்டையில் 7-ஆம் எண்ணால் அடித்தால் முன்னைவிட இருபது கெஜம் கூடுதலாகப் போகிறது” என்று மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. 1980-களின் 7-ஆம் எண்ணில் முகச் சாய்வு 35 டிகிரி பக்கம். என் செட்டில் அதே 7-க்கு 30 டிகிரி. அதாவது பழைய 5-க்கும் 6-க்கும் நடுவிலுள்ள ஒன்றின் மேல் 7 என்று அச்சடித்திருக்கிறார்கள். முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கனம் கீழே இருப்பதால் பந்து அதிக உயரம் எழும்பும், சாய்வைக் குறைத்தால்தான் சரியாக வரும் என்று ஒரு நியாயமும் இருக்கிறது. ஆனால் வினாத்தாளைச் சுலபமாக்கிவிட்டு மதிப்பெண் கூடிவிட்டது என்று விழா எடுப்பது நமக்குத் தெரியாததா? இதனால் கடைசியில் ஓர் ஓட்டை விழும். என் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, மணல் குழிக்கான வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரிக்கு ஒன்றுமே இல்லை. அதற்காக 50 டிகிரியில் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது.

அதே கடையில் ஒற்றை மட்டைகளைப் போட்டுவைத்த ஒரு பீப்பாய் இருந்தது. எடுத்தால் ஒன்று ஐந்து டாலர். கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிளேட் கிடைத்தது, எண் 8, இரும்புத் தண்டு, பிடி வெடித்துப் போயிருந்தது. வாங்கிவிட்டேன். “இது எதுக்கும்மா?” என்றான் மகன். டி.எல்.எம். என்றேன். ஆசிரியர்களுக்குப் புரியும். கற்பித்தல் துணைக்கருவி இல்லாமல் நான் என்றைக்குப் பாடம் நடத்தினேன்?

இப்போது 1993 பேட்ச் பிள்ளையின் பிரம்புக்கு வருகிறேன். அந்தப் பயிற்சித் திடலில் ஒரு பெரியவர் எப்போதும் பிளேட்டில்தான் ஆடுவார். என் மட்டையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: இதில் ஆடினால் நீங்கள் ஒருபோதும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள், தப்பாக அடித்தால் கை வலிக்க வேண்டும், வலித்தால்தான் திருத்திக்கொள்வோம். இந்த வாதத்தை நான் கள்ளக்குறிச்சி ஆசிரியர் அறைகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! அடித்தால்தான் படிப்பு வரும் என்று மேசைமேல் பிரம்பை வைத்துக்கொண்டு சொன்னவர்கள் எல்லாருமே, தாங்கள் அடிபட்டுத்தான் படித்தோம் என்பார்கள். அடிபட்டு ஓடிப்போனவன் அங்கே வந்து சாட்சி சொல்லப் போவதில்லை அல்லவா? 1980-களில் கல்வராயன் மலையில் என் முதல் பள்ளி. வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்த பிள்ளைகள். ஒருநாள் அதட்டினால் மறுநாள் மரவள்ளிக் காட்டில் இருப்பார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டிவர நான் எத்தனை ஓடை தாண்டியிருக்கிறேன் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும். வலி கற்றுக்கொடுக்கும் என்பதை நான் அப்போதும் ஏற்கவில்லை, இந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு இப்போதும் ஏற்க முடியாது.

ஆனாலும் அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ‘கேம் இம்ப்ரூவ்மென்ட்’ என்பது விற்கிறவர் வைத்த பெயர். அது ஆட்டத்தை முன்னேற்றாது. தப்பு அடியின் தண்டனையைக் குறைக்கும், அவ்வளவுதான். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், பந்து நடுவில் பட்டதா, ஓரத்தில் பட்டதா என்று கைக்கே தெரியாமல் போய்விடும். எல்லாம் ஒரே மாதிரி ‘டொக்’கென்று கேட்கும். தெரியாததை எப்படித் திருத்துவது? கையை வலிக்கவைக்காமல் தெரிந்துகொள்ள வழி வேண்டும். அதற்குத்தான் நம்மிடம் சாக்பீஸ் இருக்கிறதே! மட்டையின் முகத்தில் சாக்பீஸ் தூளைத் தடவி அடியுங்கள். பந்து பட்ட இடத்தில் வட்டமாகத் தூள் போயிருக்கும். பத்து அடி அடித்துவிட்டு முகத்தைப் பார்த்தால், வருகைப் பதிவேடு மாதிரி எல்லாம் தெரிந்துவிடும். என் வட்டங்கள் எல்லாம் தண்டுப் பக்கமே ஒதுங்கியிருந்தன. பந்துக்கு மிக நெருங்கி நிற்கிறேன் என்று அர்த்தம். இரண்டு விரற்கடை தள்ளி நின்றேன். வட்டங்கள் நடுவுக்கு நகர்ந்தன. திட்டும் இல்லை, வலியும் இல்லை.

ஆஸ்டினில் லயன்ஸ் முனிசிபல் என்று நகராட்சித் திடல் ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் செல்லமாக ‘முனி’ என்பார்கள். நமக்கு முனியப்பன் ஞாபகம் வரும். 1924-இல் தொடங்கியது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வெள்ளையர் திடலில் கால் வைக்க முடியாத காலம் இருந்தது. 1950-இன் இறுதியில் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் இந்தத் திடலில் இறங்கி ஆடிவிட்டார்கள். நகர நிர்வாகம் கூடிப் பேசி, ஆடட்டும் விடுங்கள் என்று முடிவு செய்தது. வழக்கு இல்லை, கலவரம் இல்லை. தென்மாநிலங்களில் இப்படி எல்லாருக்கும் திறந்த முதல் நகராட்சித் திடல் இதுதான் என்று சொல்கிறார்கள். 2016-இல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நான் முதன்முதலாக ஒன்பது குழி ஆடியது அங்கேதான். எத்தனை அடி என்று கேட்காதீர்கள், எண்ணிக்கொண்டிருந்த பேரன் தூங்கிவிட்டான்.

அதே ஊரில்தான் ஹார்வி பெனிக் என்ற கோல்ஃப் வாத்தியார் இருந்தார். எட்டு வயதில் மட்டைப் பை தூக்கிய பையன், பின்னால் ஊரின் பெரிய கிளப்பில் ஆசிரியராகி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே பாடம் சொன்னார். மாணவர்களிடம் கவனித்ததை ஒரு சிவப்பு நோட்டில் எழுதி வைத்து, மகனைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. 1992-இல், 87 வயதுக்குமேல், புத்தகமாக வந்தது. விளையாட்டுப் புத்தகங்களில் அவ்வளவு விற்றவை சொற்பம். 1995-இல் அவர் இறந்த அடுத்த வாரம், சிறு வயதிலிருந்து அவரிடம் கற்ற பென் கிரென்ஷா மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பாடக்குறிப்பு நோட்டுகளை இனி யாரும் எடைக்குப் போடக்கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பியபின் நம் மண் வேறு பாடம் நடத்தியது. அங்கே தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மெத்துமெத்தென்ற புல். இங்கே பங்குனியில் ஏரித் தரை சிமெண்ட் மாதிரி. அகலமான அடிப்பாகம் புல்லில் வழுக்கிக்கொண்டு போகும் என்றேன் அல்லவா? காய்ந்த மண்ணில் அது பட்டுத் துள்ளும். துள்ளி வந்து பந்தின் வயிற்றில் மோதும். பந்து எழும்பாமல் தரையோடு சீறிக்கொண்டு ஓடும். கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை, அவர்கள் மண் அப்படி. நான் ஒரு தேங்காய்நார் மிதியடியை விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறேன். கார்த்திகை மழை முடிந்து தண்ணீர் ஏறாத கரையோரத்தில் புல் முளைத்திருக்கும்போது மிதியடி வேண்டியதில்லை. எழுபது தப்படி தூரத்தில் யூரியா சாக்கை விரித்து வைப்போம், அதுதான் குழி. காலை ஆறு மணிக்கு, ஆடு மாடு வருவதற்குள் முடித்துவிட வேண்டும். பந்து பொறுக்குவது வீட்டுக்காரர். சர்க்கரை ஆலையில் கணக்குப் பார்த்தவர், பந்து எண்ணிக்கை தப்பாது. சீமைக்கருவேலத்துக்குள் போன பந்தை மட்டும் வரவில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

என் 7-ஆம் எண் 75 கெஜம் போகிறது. ஆனால் போன தை மாதம் பொங்கல் பானையை நானே இறக்கினேன். மருமகன் ஓடி வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன்.

மாமாவின் கேள்விக்கு: ஆமாம் மாமா, நம் நாட்டில் இது பணக்காரர் விளையாட்டுத்தான். வெள்ளைக்காரன் 1829-இல் கல்கத்தாவில் ஆரம்பித்தது. நம் கோடைக்கானல் திடல் 1895. பெரும்பாலும் கிளப், உறுப்பினர், சிபாரிசு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாதம், பழைய மாணவர் ஒருவர் தயவில் அங்கே ஒருநாள் ஆடினேன். மூன்று காட்டெருமைகள் குழியருகே நின்றுகொண்டு எங்களைப் பார்த்தன. அவற்றிடம் யாரும் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. ஆனால் எஸ்.எஸ்.பி. சௌராசியா என்று ஒருவர் இருக்கிறார். கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். 2016, 2017 இரண்டு வருஷமும் இந்திய ஓப்பன் பட்டம் அவருக்குத்தான். பெங்களூருப் பெண் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்து ஒரே அடியில் பதக்கத்தைத் தவறவிட்டது. அன்றைக்கு விடியற்காலையில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி.

இனி மலைக் கதை. என்னிடம் படித்து, இப்போது வெள்ளிமலைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் ஒரு பிள்ளை, “டீச்சர், மட்டையை ஒருநாள் எடுத்துட்டு வாங்க, பசங்க பார்க்கட்டும்” என்று கூப்பிட்டான். தை கடைசியில் கோமுகி அணை தாண்டி மேலே போனோம். என் 7-ஆம் எண், 9-ஆம் எண், கூடவே டி.எல்.எம். பிளேட். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. கிட்டிப்புள் அடிக்கிற கைகள் அவை, குனிந்து பார்வையைக் கீழே வைத்து வீசுவது பழக்கம். முதலில் கடுக்காயை வைத்து அடித்தார்கள், பிறகு பந்தை. எல்லாருக்கும் என் மட்டை பிடித்தது. பந்து எப்படிப் பட்டாலும் எழும்புகிறதே!

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பிளேட்டைக் கீழே வைக்கவில்லை. நீளம் அதிகம் என்று தண்டின் பாதியில், வெறும் இரும்பில் பிடித்துக்கொண்டு அடித்தாள். முதல் இரண்டும் ஓரத்தில் பட்டுக் கையை உதறினாள். வலிக்கிறதா, என் மட்டையைத் தரட்டுமா என்றேன். மூன்றாவது பட்டது பாருங்கள், எனக்கு இந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. சாக்பீஸ் வட்டம் நட்டநடுவில், எட்டணாக் காசு மாதிரி.

“டீச்சர், அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது டீச்சர். இது சொல்லுது” என்றாள்.

சாக்பீஸ் சொல்லுமே என்று வட்டத்தைக் காட்டினேன். அவள் வட்டத்தைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள், மறுபடி பிளேட்டையே எடுத்துக்கொண்டு போனாள். மலைத் தரை கெட்டி, மெல்லிய அடிப்பாகம் அதில் துள்ளாது, அதனாலும் இருக்கலாம். பன்னிரண்டு வயது மணிக்கட்டு, அதனாலும் இருக்கலாம். இறங்கி வரும்போது வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் இதையேதான் பேசிக்கொண்டு வந்தேன். அவர் கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தச் சொன்னார்.

பிளேட் இப்போது மலையில்தான் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர் அந்தப் பெண்ணை நேராக நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்து, தண்டை ஆக்சா பிளேடால் அறுத்து, சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக் கொடுத்திருக்கிறான். தண்டைக் குறைத்தால் தலை லேசாகத் தெரியும், கொஞ்சம் விறைப்பும் கூடும் என்று சொல்லியிருக்கிறேன். கையில் வலி என்றால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். தண்டின் மேல் முனையில் வெற்றுக் கம்பி தெரியாமல் துணி சுற்றச் சொன்னேன். சுற்றிவிட்டதாகப் படம் அனுப்பினான்.

பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்து ஓரம் கட்டின சிறுவர் மட்டைகள் பரணில் கிடக்கும். கேட்டுப் பாருங்கள். பழசாக இருந்தாலும் பரவாயில்லை. தண்டு கிராஃபைட்டாக, முதுகு குடைந்ததாக இருந்தால் நல்லது, பத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். பழைய மெல்லிசு மட்டை ஒன்றிரண்டு கிடைத்தாலும் விடாதீர்கள், அதையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். சித்திரைக்குள் வண்டி ஏற்பாடு செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்